செதில் முளைத்த கை

முன்னொரு காலத்தில், கடல் ஒரு பக்கமும் மலை ஒரு பக்கமும் நெருக்க, நடுவே சுறாமுனை என்றொரு பட்டினம் இருந்தது. அங்கே எழினி என்ற மிளகு வணிகர் பெரிய பண்டகசாலை வைத்திருந்தார். மலையிலிருந்து மிளகு வரும், கப்பலில் போகும். கப்பலிலிருந்து பட்டும் குதிரையும் வரும், ஊருக்குள் போகும்.

அந்தப் பட்டினத்தில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இருவர் கைகளின் மேலும் ஒரு துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். விரல் பேசும், வாய் பேசாது. கை ஒப்பிவிட்டால் வாய் மறுக்கக் கூடாது. அதுதான் சந்தை வழக்கம்.

எழினிக்கு ஒரு குறை. துண்டுக்குள் போனதும் அவர் கை நடுங்கும். நடுங்குகிற கைக்கு யார் நல்ல விலை தருவார்கள்? மற்ற வணிகர்கள் முகத்துக்கு நேரே சிரித்தார்கள். சிரித்தவர்கள் பெயரையெல்லாம் அவர் மறக்கவில்லை.

ஒரு நாள் ஒரு கப்பலிலிருந்து மந்திரவாதி ஒருவன் இறங்கினான். தோளில் நீலத் துண்டு.

“இதைப் போட்டு விரல் பிடி. நீ கேட்டதற்கு எதிராளியின் விரல் தலையாட்டும்.”

“இதற்குக் கூலி?”

“கூலியை உன் கையே கட்டும். வேண்டாமென்று தோன்றினால், துண்டுக்குள் செய்ததைத் துண்டில்லாமல், ஊர் பார்க்கத் திருப்பிச் செய். மந்திரம் போய்விடும்.” மந்திரவாதி சிரித்தான். “ஆனால் இதுவரை ஒருத்தனும் செய்ததில்லை.”

எழினி துண்டை வாங்கிக்கொண்டார்.

முதலில் வந்தவர் குதிரைக் கப்பல் தலைவர். விரல் பேசியது, வாய் பேசவில்லை. நாலு குதிரைக்கான மிளகைக் கொடுத்து ஏழு குதிரை வாங்கினார் எழினி. வீட்டுக்கு வந்து பார்த்தால், வலக்கை விரல்களில் மீன்செதில்.

அடுத்து வந்தவர் பட்டு வணிகர். விரல் பேசியது, வாய் பேசவில்லை. உள்ளங்கையிலும் செதில்.

மூன்றாவதாக வந்தவள் வேம்பி. மலைக்கூட்டத்தின் மிளகையெல்லாம் அவள்தான் இறக்கி வருவாள், உப்பாக மாற்றிக்கொண்டு போவாள். எழினியின் தந்தை காலத்தில் பண்டகசாலை எரிந்தபோது, “உப்பு அடுத்த வருசம் குடுங்க முதலாளி” என்று மிளகைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு மலையேறியவளும் அவள்தான்.

அவளுக்காவது வேறு துண்டைப் போட்டிருக்கலாம். எழினி நீலத் துண்டையே போட்டார். ஐந்து மூட்டை உப்புக்குப் பேச வந்தவளின் கை ஒரு மூட்டைக்கு ஒப்பியது.

வேம்பி கையை வெளியே எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு ஒற்றை மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

செதில் மணிக்கட்டைத் தாண்டியது.

அதன் பிறகு எழினி வலக்கையை அந்த நீலத் துண்டால் சுற்றிக்கொண்டே திரிந்தார். கதவைச் சாத்திக்கொண்டு அகப்பையால் சோறு தின்றார். கும்பிட்டவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். சந்தனம் பூசினார், பன்னீர் ஊற்றினார். என்ன செய்தும் சந்தைப் பூனைகள் அவர் பின்னாலேயே வந்தன.

“என்ன முதலாளி, மிளகை விட்டுட்டுக் கருவாட்டுல இறங்கிட்டீங்களா?” என்றார் பட்டு வணிகர்.

எழினியின் ஒரே மகள் நல்லினிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்த ஊரில் தகப்பன் தன் வலக்கையில் மகள் கையை வைத்து, நீர் வார்த்துக் கொடுக்க வேண்டும்.

“அப்பா, துண்டை எடுங்க” என்றாள் நல்லினி.

“புண்ணும்மா.”

“புண்ணுக்கா இத்தனை பூனை வருது?”

அவளே அவிழ்த்தாள். பார்த்தாள். அவள் முகம் சுளித்திருந்தால்கூட எழினி தாங்கியிருப்பார். அவள் அழுதாள். அவர் நிமிர முடியாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

“துண்டு சுத்தின கையால என்னைக் குடுக்காதீங்கப்பா. அப்படி ஒரு கல்யாணம் எனக்கு வேண்டாம்.”

மறுநாள் சந்தை கூடியதும் எழினி நடுவில் போய் நின்று துண்டை அவிழ்த்தார். கூட்டம் விலகியது. ஒருவர் மூக்கைப் பொத்தினார். பெயர் மறக்காமல் வைத்திருந்த அத்தனை பேரும் அன்று வந்திருந்தார்கள்.

கப்பல் தலைவரிடம் மூன்று குதிரைகளைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினார். அவர் விழுந்து விழுந்து சிரித்து, விரலைப் பிடித்தார். விரல்களில் செதில் உதிர்ந்தது. பட்டு வணிகர் தன் பட்டைத் திரும்ப வாங்கி, திட்டித் தீர்த்துவிட்டுப் பிடித்தார். உள்ளங்கையில் உதிர்ந்தது.

வேம்பி தன் மலைக்கூட்டத்தோடு ஓரத்தில் நின்றாள். மிளகுக் கூடை இப்போது அவளிடம் இல்லை, வேறொருத்தி தலையில் இருந்தது.

எழினி நாலு மூட்டை உப்பை அவள் முன்னால் இறக்கினார். கையை நீட்டினார். அவள் தொடவில்லை.

“உப்பு கிடக்கட்டும். மழைக்காலம் பூரா எங்க சனம் சப்புன்னு கஞ்சி குடிச்சுது. ‘வேம்பி உப்பை வித்துத் தின்னுட்டா’ன்னு என் மகனே சொன்னான். என் கையே என்னை ஏமாத்திடுச்சுன்னு நானும் நம்பிட்டேன். அதுக்கு என்ன அளந்து குடுப்பீங்க முதலாளி?”

அதற்கு எந்தப் பண்டகசாலையிலும் சரக்கு இல்லை.

எழினி மலைக்கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “இவள் கை தப்புச் செய்யவில்லை. இவளை ஏமாற்றிய திருடன் நான்தான். எங்கள் பண்டகசாலை எரிந்தபோது சோறு போட்ட கை என்று தெரிந்தேதான் செய்தேன்.” சந்தைக் கடைசி வரை கேட்கும்படி, திரும்பத் திரும்ப, மூன்று முறை சொன்னார்.

கூடைக்காரி தலையிலிருந்த கூடையை இறக்கி வேம்பியின் முன்னால் வைத்தாள். வேம்பியின் மகன் தலையைத் தொங்கப்போட்டான்.

அப்போதுதான் வேம்பி அந்தக் கையைப் பிடித்தாள். ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். செதில்கள் சலசலவென்று உதிர்ந்தன. நீலத் துண்டைப் பூனைகள் இழுத்துக்கொண்டு ஓடின.

நல்லினியின் கல்யாணம் நடந்தது. எழினியின் வெறுங்கையில் நீர் வார்த்தார்கள். கட்டைவிரல் அடியில் ஒரு செதில் மட்டும் போகாமல் மினுங்கியது. அவர் அதை மறைக்கவில்லை. அன்று முதல் சுறாமுனையில் துண்டில்லாமல்தான் விலை பேசினார்கள். மலைக்கூட்டத்துக்கு உப்புக் குறையவே இல்லை.

கல்யாணத்துக்கு வேம்பி வந்தாளா? வந்தாள். சாப்பிட்டாளா? வயிறு நிறையச் சாப்பிட்டாள். மன்னித்தாளா? அதை அவளிடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

அடுத்த அறுவடைக்கு மிளகோடு இறங்கி வந்தாள். ஊர் பார்க்கக் கையை நீட்டினாள். ஐந்து மூட்டை உப்பையும் வாங்கி, எழினி பார்த்துக்கொண்டிருக்க, அவிழ்த்துத் திரும்ப ஒரு முறை அளந்தாள்.

அளந்து முடிக்கும் வரை எழினி தலை குனிந்து, மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.