லிம் டீச்சரின் குரலை என்ன செய்வது?

கதையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு எழுந்து போகிறவர்களுக்கு நான் கதை சொல்வதில்லை. முடிவில் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும்.

மலேசியாவின் ஈப்போ நகரில், ஒரு தையல் கடையின் மேல்மாடியில், இரண்டு பேர் கைப்பேசிச் செயலி ஒன்றைச் செய்தார்கள். பாடங்களை அமைத்தவள் லோகேஸ்வரி. நிரல் எழுதியவர் தினகரன். சீனப் பள்ளிக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கான செயலி அது. நம் வீடுகளில் இது பெரிய பாடு. பிள்ளையைச் சீனப் பள்ளியில் சேர்த்துவிடுகிறோம். வீட்டுப்பாடத்தை விரித்தால் அப்பனுக்கும் தெரியாது, ஆத்தாளுக்கும் தெரியாது. பிள்ளை திருதிருவென்று விழிக்கும். அந்தப் பிள்ளைக்காகத்தான் நாற்பது பாடங்கள்: எண்ணூறு சொற்கள், ஒன்று முதல் நூறு வரை எண்கள், எல்லாம் தமிழ் விளக்கத்தோடு.

குரல் கொடுத்தவர் லிம் டீச்சர். முப்பத்தைந்து வருடம் முதலாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவர். காசு வேண்டாம், பிள்ளைகள் சரியாகப் பேசினால் போதும் என்று வந்த மனுஷி.

தினகரன் ஆரம்பத்தில் ஒரு அதிகப்பிரசங்கித்தனம் செய்தார். சீனத்தில் நாற்பத்தேழு என்றால் நான்கு, பத்து, ஏழு என்று வரிசையாகச் சொன்னால் ஆயிற்று. அப்படியிருக்க டீச்சரை நூறு எண்களும் சொல்ல வைப்பானேன்? பத்து வரை பதிவு செய்ததை வெட்டி ஒட்டித் தொண்ணூற்றொன்பது வரை உண்டாக்கிவிட்டார். டீச்சர் அதைக் கேட்டார். முகம் செத்துப்போனது.

"இது யார் பேசுவது?" என்று மலாய் மொழியில் கேட்டார்.

"நீங்கதான் டீச்சர்."

"நான் இல்லை. என் வாழ்நாளில் நான் இப்படி எண்ணியதே இல்லை. ஒரு பிள்ளை இதைக் கேட்டுப் படித்தால் பழி யாருக்கு?"

தினகரன் வெட்கிப்போனார். டீச்சர் நூறு எண்களையும் மறுபடி உட்கார்ந்து சொன்னார். அதன்பிறகு, ஒவ்வொரு பாடத்தையும் வெளியிடும் முன் இரண்டு முறை கேட்டு, ஒரு நோட்டில் சிவப்பு மையால் சரி போடுவது அவர் வழக்கமாயிற்று. ஒருநாள் இருவரையும் உட்காரவைத்து ஒரு வாக்குக் கேட்டார்.

"நான் இருக்கும்வரை கேட்டுத் திருத்துவேன். நான் போன மறுநாள் என் குரலைச் செயலியிலிருந்து எடுத்துவிடுங்கள். தவறு வந்தால் திருத்த முடியாத டீச்சர் பாடம் நடத்தக் கூடாது."

இருவரும் சரியென்றார்கள். டீச்சர் நன்றாகத்தானே இருக்கிறார் என்ற நினைப்பு.

பதினொரு மாதம் கழித்து டீச்சர் இறந்துபோனார். அப்போது முப்பத்தொரு பாடங்களுக்குச் சரி விழுந்திருந்தது. மீதி ஒன்பதையும் பேசி முடித்திருந்தார், கேட்பதற்குள் படுத்துவிட்டார். பள்ளி திறக்க மூன்று வாரமே இருந்தது. வேறொரு குரலைத் தேடி எல்லாவற்றையும் பதிவு செய்ய நான்கு மாதமாவது ஆகும்.

டீச்சர் இறந்த மறுநாள், அழுதுகொண்டே, தினகரன் முழுக் குரலையும் எடுத்துவிட்டார். இரண்டாயிரம் பிள்ளைகளின் கைப்பேசியில் படம் இருந்தது, எழுத்து இருந்தது, சத்தம் இல்லை.

"என்ன அண்ணே காரியம் செஞ்சீங்க!" என்று லோகேஸ்வரி பாய்ந்தாள். "இந்தப் பிள்ளைங்க வகுப்புல போய் ஊமையாட்டம் நிக்கணுமா?"

"வாக்குக் கொடுத்தோம்ல, லோகா."

"அவங்க பயந்தது கேக்காத பாடத்துக்கு. அவங்களே கேட்டுச் சரி போட்டதுக்கு என்ன பயம்?"

மூன்றாம் நாள் அவள் அந்த முப்பத்தொரு பாடங்களையும் திரும்பப் போட்டாள். ஒன்பதைத் தொடவில்லை.

நான்காம் நாள் டீச்சரின் கணவர் ஓங் மேல்மாடி ஏறி வந்தார். அவர் பக்கத்து வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். காலையில் பசியாறும் நேரத்தில் அந்த வீட்டுச் சிறுமி செயலியைத் திறப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சர் எண்ணுவது இவர் மேசைக்குக் கேட்கும்.

"இரண்டு நாள் கேட்கவில்லை," என்றார் ஓங். "என்னால் பசியாற முடியவில்லை. நான் அவள் கணவன். அந்த வாக்கிலிருந்து உங்களை விடுவிக்கிறேன். அவள் பேசிய நாற்பதையும் போடுங்கள்." ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

ஒருவர் எல்லாவற்றையும் எடுத்தார். ஒருத்தி சரி விழுந்ததை மட்டும் வைத்தாள். ஒருவர் எல்லாவற்றையும் வைக்கச் சொன்னார். இனி நீங்கள் சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் செய்தது சரி?

சொல்லிவிட்டீர்களா? என் பதில் இது. வாக்கிலிருந்து விடுவிக்க, அதைக் கேட்டு வாங்கியவருக்குத்தான் உரிமை. கட்டிய கணவனுக்கும் அது கிடையாது. லோகேஸ்வரி சொன்ன நியாயம் நல்ல நியாயம்தான். ஆனால் வாக்குக் கேட்ட அன்றே சிவப்பு மை நோட்டு டீச்சர் மடியில் இருந்தது; சரி போட்டதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நினைத்திருந்தால் அவருக்கு வாய் இருந்தது, சொல்லியிருப்பார். ஆகவே தினகரன் செய்ததுதான் சரி. அதற்காக அவரை மெச்சாதீர்கள். பதினொரு மாதம் கையில் இருந்தும் இருவரும் இன்னொரு குரலைத் தேடவில்லை. அந்தப் பிள்ளைகள் ஊமையாய் நின்றால் அந்தப் பாவம் இரண்டு பேர் தலையிலும்தான். ஓங் விஷயத்தில் மூவருக்குமே புத்தி வேலை செய்யவில்லை. நாற்பது பாடங்களையும் ஒரு கைப்பேசியில் போட்டு அவர் மேசைமேல் வைத்துவிட்டு வரவேண்டியதுதானே? தன் குரல் பாடம் நடத்தக் கூடாது என்றுதான் டீச்சர் சொன்னார். கட்டிய புருஷன் கேட்கக் கூடாது என்று அவர் சொல்லவே இல்லை.