சீட்டு இல்லாத செடி

மங்கையம்மா என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டேன் என்றதும் என் பழைய கண்டக்டர் நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் மனைவி அமிர்தவல்லி போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

அம்மாவின் மடத்துக்குத் துறையூர்ப் பக்கம் புது இடம் கிடைத்த வருஷம் அது. பின்னால் வெறும் செம்மண், ஒரு புல்கூட இல்லை.

"தோட்டம் போடணும். செலவு ரொம்ப ஆகக் கூடாது" என்றார் அம்மா.

தோட்டம் என்றதும் எனக்கு மனசு தாங்கவில்லை.

"அம்மா, என் வீட்டுக்காரி முகம் மறந்துக்கிட்டே வருது. போட்டோவைப் பார்த்தாத்தான் ஞாபகம் வருது. நான் என்ன மனுஷன்?"



"அவங்க என்ன செடி வெச்சிருந்தாங்க?"

"பவழமல்லி. கொல்லையில முப்பத்தோரு வருஷம் நின்னுச்சு. வீட்டை வித்தப்போ அதோட போச்சு."

"வாங்க, நர்சரிக்குப் போயிட்டு வரலாம்."

நர்சரியில் முன்வரிசைச் செடிகள் பூவும் பெயர்ச்சீட்டுமாக நின்றன. விலையைக் கேட்டு நான் பின்வாங்கினேன். அதில் பவழமல்லியும் இல்லை. கடைக்காரர் மூலையைக் காட்டினார்.

"மழையில சீட்டெல்லாம் போயிடுச்சு. பிரிச்சு வெக்க நேரமில்லை. எதை எடுத்தாலும் பத்து ரூபாய். பவழமல்லி ஒண்ணு கிடக்கணும், நீங்களே பார்த்துக்குங்க."

நாற்பது செடிக்கு மேல் இருக்கும். ஒன்றிலும் பூ இல்லை.

"எது?" என்றார் அம்மா.

நான் திருதிருவென்று முழித்தேன். பூ என்றால் தெரியும். வெள்ளை இதழ், பவழக் காம்பு. விடிகாலையில் அமிர்தவல்லி குந்தி உட்கார்ந்து தட்டில் பொறுக்குவாள். பொறுக்கியதை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அலசித்தான் சாமிக்கு வைப்பாள். "எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு, இங்க பூவுக்குக் குளியல் நடக்குதா?" என்று கத்துவேன். சரி, இலை எப்படி இருக்கும்? வட்டமா, நீளமா? சத்தியமாகத் தெரியவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"இலையை நான் பார்த்ததே இல்லம்மா."

"வாயில வெச்சது உண்டா?"

"அதை ஏன் கேக்குறீங்க! பஸ்ஸுல நின்னு நின்னு தேய்ஞ்ச முட்டி. தினம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த இலையில கஷாயம் வெச்சுத் தருவா. அப்படி ஒரு கசப்பு."

அம்மா குனிந்து, அரளியையும் ஆகாத மற்றதையும் பொறுக்கித் தள்ளி வைத்தார்.

"இதையெல்லாம் கடிச்சிடாதீங்க, நேரா அவங்ககிட்டயே போயிடுவீங்க. மிச்சத்துல இலை நுனி மட்டும் கடிச்சுத் துப்புங்க."

ஒன்று வழவழ என்றது. ஒன்று கொய்யாத் துவர்ப்பு. அப்புறம் ஒரு புளிப்பு. ஏழாவதோ எட்டாவதோ, நாக்கில் சொரசொரவென்று உரசியது. பின்னாலேயே கசப்பு ஏறியது.

கண்ணை மூடினேன். டம்ளரை நீட்டிக்கொண்டு எதிரே நிற்கிறாள். மூக்குத்திக்குக் கீழே வியர்வை. இடது புருவத்தில் அந்தச் சின்ன வெட்டு. "ஒரே மடக்குல குடிங்க. நீங்க என்ன பச்சப்புள்ளையா?"

கடைக்காரர் பார்க்கிறார் என்றும் நினைக்காமல் அழுதேன்.

சாயங்காலம் மடத்துக்குப் பின்னால் குழி வெட்டினோம். செடியை இறக்கும்போது மனசில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"நான் ஒரு பாவம் பண்ணிருக்கேம்மா. அவ எதிர்ல ஒரு வாய் குடிப்பேன். அவ உள்ள போனதும் மீதியைக் கசடோட அந்தப் பவழமல்லி அடியிலயே கொட்டிடுவேன். தினமும். அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. ஏமாத்திட்டேன்."

அம்மா மண்ணைத் தள்ளிக் காலால் அமுக்கினார்.

"விடிஞ்சதும் அந்தச் செடி அடியில பூப் பொறுக்கினது யாருங்க, ஐயா?"

"அவதான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தத் தட்டுத் தண்ணீர் ஞாபகம் வந்தது. கசடு ஒட்டிய பூவை ஒவ்வொன்றாக அலசினாளே.