உடும்புப்பிடி வல்லபரும் பாறையின் பிள்ளையும்

மலையடிவாரத்தில் ஒரு காட்டாறு இருந்தது. ஆறு என்பது பெயருக்குத்தான். ஆண்டில் முக்கால்வாசி நாள் அது வெறும் மணல். மெத்தை மாதிரி நல்ல வெள்ளை மணல். அதனால் காட்டு விலங்குகளில் பாதிப்பேர் அங்கேயே வளை தோண்டிக் குடியேறிவிட்டன. 'ஆற்றுக்குள் வீடு கட்டியிருக்கிறோமே, ஆறு வந்தால் என்ன செய்வது?' என்ற கேள்வி யாருக்கும் வரவில்லை. வந்தாலும் தூங்கி எழுந்தால் மறந்துவிடும்.

ஆற்றின் நடுவே ஒரு பெரிய பாறை நின்றது. காட்டைப் படைத்த கடவுள் பேசும் பாறை அது. அந்த விலங்குகளின் பாட்டன் பூட்டன் காலத்தில் அதிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மணலில் குடியிருக்காதே, என்மேல் ஏறி வா. என்னிடமிருந்து என் பிள்ளை வருவான், அவன் சொல் கேள்."

இவ்வளவுதான். இதில் புரியாத சொல் ஏதாவது இருக்கிறதா? எறும்புக்குக்கூடப் புரியும். ஆனால் அந்த விலங்குகளுக்குப் பக்தி அதிகம். சொன்னதைச் செய்துவிட்டால் பக்தி குறைந்துவிடும் என்று நினைத்தனவோ என்னவோ, அதைப் பாட்டாக்கிப் பாடத் தொடங்கின.

தினமும் சாயங்காலம் பாறையின் அடியில் கச்சேரி. பாடுவது ஒரு கிளி. எல்லாரும் அதை வித்வான் என்றுதான் கூப்பிடுவார்கள். வித்வான் கிளி கண்ணை மூடிக்கொண்டு, "மணலில்ல்ல்..." என்று இழுக்கும். அந்த ஒரு சொல்லை முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கேட்டுக்கொண்டிருக்கும் விலங்குகள் உருகிப்போய்க் கண்ணீர் விடும். கண்ணைத் துடைத்த கையாலேயே உட்கார்ந்திருக்கும் மணலைக் கொஞ்சம் குவித்து, வசதியாகச் சாய்ந்துகொள்ளும்.

அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்காருபவர் வல்லபர். அவர் ஓர் உடும்பு. பாறைக்குச் சற்று மேலே, ஆறு வரும் திசையில், மணலில் விழுந்துகிடந்த ஒரு மருதமரத்தின் பொந்தில் தன் ஒரே மகள் தும்பையோடு குடியிருந்தார். தாயில்லாப் பிள்ளை. வல்லபருக்கு அவள்தான் உலகம். அவளுக்கு அடுத்தபடியாக அவருக்குப் பிடித்தது தன்னுடைய பிடி.

"உடும்புப்பிடின்னு சும்மாவா சொல்றாங்க? எங்க தாத்தா கோட்டைச் சுவரப் பிடிச்சார்னா ஆளுங்க அவர் இடுப்புக் கயித்தப் பிடிச்சு மேல ஏறுவாங்களாம்!" என்பார்.

ஏறியவர்கள் திருடர்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

தும்பைக்கு ஒரு பழக்கம். கச்சேரி முடிந்து எல்லாரும் போன பிறகு, பாறையின்மேல் காதை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"அப்பா! பாறை இன்னும் பேசுதுப்பா! 'ஏறி வா'ங்குது!"

"அது காத்து, கண்ணு."

"காத்து எப்படிப்பா 'ஏறி வா'ன்னு சொல்லும்?"

"பாறை பேசினா நம்ம வித்வான் சொல்லமாட்டாரா? அவர் எவ்வளவு படிச்சவர்! வா, வீட்டுக்குப் போகலாம்."

பாறை பேசிக்கொண்டுதான் இருந்தது. மெதுவாகப் பேசியது. கச்சேரிச் சத்தத்தில் அதைக் கேட்க யாருக்குத் தோன்றும்?

ஒருநாள் மதியம், பாறையின் உச்சியிலிருந்து ஒரு வரையாட்டுக் குட்டி இறங்கி வந்தது. அந்த உச்சிக்கு அதுவரை யாரும் ஏறிப் பார்த்ததில்லை. மெலிந்த கால்கள். இன்னும் சரியாக முளைக்காத கொம்பு. அது நேராக மணலில் வந்து நின்று சத்தமாகக் கூப்பிட்டது.

"எல்லாரும் உடனே ஏறி வாங்க! மலைக்கு மேல மழை கொட்டுது! ஆறு வரப்போகுது!"

விலங்குகள் அண்ணாந்து பார்த்தன. வானம் துடைத்துவிட்டது போல இருந்தது.

ஊர்த் தலைவரான முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு முன்னே வந்தது. "ஏலே தம்பி, ஒரு பொட்டு மேகம் கிடையாது! நீ யாருலே?"

"பாறையோட பிள்ளை. உங்க பாட்டுல வர்ற ஆள் நான்தான்."

மணல் அதிரச் சிரிப்பு எழுந்தது.

"பாறையோட பிள்ளைன்னா ஆனை மாதிரி இருக்க வேண்டாமா?" என்றது முள்ளம்பன்றி. "தந்தம் எங்கே? படை எங்கே? என்ன அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க!"

வல்லபர் குட்டியை மேலும் கீழும் பார்த்தார். "காலப் பாருங்க, முருங்கைக் குச்சி கணக்கா! இந்தப் பிள்ளையப் பிடிச்சுக்கிட்டு நான் ஏறணுமாம்! யாரு? நான்!"

வித்வான் கிளி தொண்டையைக் கனைத்தது. "எல்லாம் இருக்கட்டும். அந்தப் பாட்டை ஒரு தடவை பாடு, பார்ப்போம்."

"மணல்ல குடியிருக்காதீங்க, மேல ஏறி வாங்க" என்றது குட்டி.

"பார்த்தீங்களா!" கிளி துள்ளியது. "ராகமே இல்லை! தெருவில் கீரை விற்பதுபோலச் சொல்லுது! பாறையோட பிள்ளைக்குப் பாறையோட பாட்டே தெரியலை!"

அதோடு தீர்ப்பு முடிந்தது. சில விலங்குகள் கல்லை எடுத்து எறிந்தன. ஒரு காட்டெலிக் குடும்பமும், யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு கிழட்டுக் கீரியும் மட்டும் பாறையில் ஏறின. அவர்களுக்குச் சங்கீத ஞானம் கிடையாது, பாவம்.

தும்பையும் ஓடப்பார்த்தாள். வல்லபர் அவள் வாலைப் பிடித்து இழுத்து முதுகில் போட்டுக்கொண்டார். "அப்பாவோட பிடி இருக்கும்போது உனக்கு என்ன பயம்?"

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் யாரோ உரல் உருட்டுவது போல. அடுத்து மலையே உருண்டு வருவது போல. வளைவில் செந்நிறத் தண்ணீர் திரும்பியது. மரங்களையும் கற்களையும் அள்ளிக்கொண்டு, மதில் உயரத்துக்கு வந்தது.

மெத்தை மணல் ஒரே மூச்சில் காணாமல் போனது. வித்வான் கிளி, இறக்கை இருப்பவர்களுக்கே உரிய நிதானத்தோடு ஓர் உயரமான மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "எல்லாரும் தைரியமாக இருங்கள்!" என்று குரல் கொடுத்தது. முள்ளம்பன்றித் தலைவர் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தார். பதில் சொல்ல அவருக்கு வசதிப்படவில்லை.

வல்லபர் கலங்கவில்லை. ஓடிப்போய்த் தன் வீடான மருதமரத்தில் நகங்களை ஊன்றினார். அப்பப்பா, என்ன பிடி! தாத்தா பார்த்திருந்தால் பூரித்துப்போயிருப்பார்.

"அப்பா, மரம் போகுதுப்பா!" தும்பை அலறினாள்.

"பயப்படாத கண்ணு! அப்பா பிடிச்சிருக்கேன்ல!"

"நீ பிடிச்சிருக்கப்பா! மரம்தான் போகுது!"

உண்மைதான். பிடி கெட்டியாக இருந்தது. மரம்தான் வெள்ளத்தில் போய்க்கொண்டிருந்தது. அது சுழன்று சுழன்று வந்து, பாறையின் ஓரத்தில் இடித்து, ஒரு கணம் சிக்கி நின்றது. பாறைக்கும் மரத்துக்கும் நடுவே தண்ணீர் கொதித்தது. உடும்பு தாண்டக்கூடிய தூரம் இல்லை.

பாறையின்மேல் அந்தக் குட்டி நின்றது. கல் பட்ட இடம் நெற்றியில் வீங்கியிருந்தது.

"பெரியவரே! மரத்தை விடுங்க!"

"விடுறதா?" வல்லபருக்கு அந்த நிலைமையிலும் கோபம் வந்தது. "எங்க வம்சத்துல பிடிச்சத விட்டவன் கிடையாது!"

"அது உங்களைக் காப்பாத்தாது! என்னைப் பிடிங்க!"

சொல்லிக்கொண்டே குட்டி தண்ணீரில் இறங்கியது. முன்னங்கால்களைப் பாறை விளிம்பில் ஊன்றியது. பின்னங்கால்களை மரத்தின்மேல் நீட்டியது. அந்த மெலிந்த உடம்பு ஒரு பாலமாகக் கிடந்தது. வெள்ளம் அதன் வயிற்றில் அறைந்தது.

தும்பை அப்பாவிடம் கேட்கவில்லை. அவர் முதுகிலிருந்து குட்டியின் முதுகுக்குத் தாவினாள். அவள் அந்தக் குரலைப் பல நாள் கேட்டவள்.

"அப்பா! இதே குரல்தான்ப்பா பாறைக்குள்ள கேட்டுச்சு! விட்டுட்டு வாப்பா!"

மரம் நழுவத் தொடங்கியது. வல்லபர் மகளைப் பார்த்தார். பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக, பிடியை விட்டார்.

விட்ட வேகத்தில் அவருடைய நகங்கள் குட்டியின் விலாவில் இறங்கின. குட்டி முனகியது. ஆனால் அசையவில்லை. வல்லபர் அந்த உடம்பின்மேல் ஏறி, மகளை முன்னே தள்ளி, பாறையைத் தொட்டார். தொட்டுத் திரும்புவதற்குள் மரம் ஒரு சுற்றுச் சுற்றிக் குட்டியின்மேல் மோதியது. செந்நிறத் தண்ணீரில் ஒரு சிறிய தலை தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

வல்லபர் தன் நகங்களைப் பார்த்தார். இரத்தம். மெச்சி மெச்சி வளர்த்த நகங்கள். 'முருங்கைக் குச்சி' என்று சொன்ன வாயைப் பாறையில் வைத்து அடித்துக்கொண்டு அழுதார். தும்பையும் அழுதாள். மரத்திலிருந்த வித்வான் கிளிகூட வருத்தப்பட்டது. "பாவம், நல்ல பிள்ளை. ராகம்தான் வரலை" என்றது.

வெள்ளம் வடிய இரண்டு இரவுகள் ஆயின. அடுத்த நாள் விடியும்போது தும்பை பாறையில் காதை வைத்துப் படுத்திருந்தாள். திடீரென்று எழுந்து உச்சியை நோக்கி ஓடினாள்.

உச்சியில் அந்தக் குட்டி நின்றுகொண்டிருந்தது.

வல்லபர் மெல்ல மெல்ல ஏறிப் போனார். அதே கண்கள். அதே குரல். விலாவில் நகம் பதிந்த தழும்புகள் வரிசையாகத் தெரிந்தன. தன் நகத்தின் அளவு அவருக்குத் தெரியாதா?

"நான் போட்ட காயம்..." என்று அந்தத் தழும்புகளைத் தொட்டார்.

"என்னைப் பிடிச்சுக்கிட்டீங்கல்ல பெரியவரே, அது போதும்" என்றது குட்டி. "இனிமே நான் கூப்பிடும்போது காது கொடுங்க."

முள்ளம்பன்றித் தலைவர் எங்கோ ஒரு முட்புதரில் மாட்டி உயிர் பிழைத்து, நொண்டிக்கொண்டே வந்து கீழே நின்றார். "செத்தது எப்படித் திரும்பி வரும்? விசாரிக்கணும்! ஒரு குழு போடணும்!" என்றார். அந்தக் குழு இன்றைக்கும் விசாரித்துக்கொண்டிருக்கிறது. மணலில் உட்கார்ந்துதான்.

வல்லபர் பாறையிலேயே ஒரு வெடிப்பில் வீடு பார்த்துக்கொண்டார். தன் பிடியைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. யாராவது கேட்டால், "என் பிடியா? அது மரத்தோட போயிருச்சு. இப்ப இந்தப் பாறைதான் என்னைப் பிடிச்சிருக்கு" என்பார். சாயங்காலமானால் தும்பையோடு காதைப் பாறையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். குரல் 'போ' என்றால் போவார், 'இரு' என்றால் இருப்பார். சில சமயம் முணுமுணுப்பார். உடும்பு உடும்புதானே.

கொஞ்ச நாளில் கீழே புதிய மணல் படிந்தது. முன்னைவிட மெத்தென்று இருந்தது. விலங்குகள் திரும்பிவந்து வளை தோண்டின. வித்வான் கிளி நடந்ததையெல்லாம் சேர்த்து ஒரு புதிய பாட்டுக் கட்டியது. கேட்டவர்கள் விம்மி விம்மி அழுதார்கள்.

வல்லபர் மேலேயிருந்து குரல் கொடுத்தார். "வித்வானே! பாட்டு நல்லாத்தான் இருக்கு! எல்லாரையும் கூட்டிக்கிட்டு இங்க மேல வந்து பாடுங்களேன்!"

"வரலாம், வரலாம்!" என்றது கிளி. "கச்சேரி பாதியில் நிற்குதே! முடியட்டும்!"

பாறையின் பிள்ளை விளிம்புக்கு வந்து நின்று, ராகமில்லாத அதே குரலில் மறுபடியும் கூப்பிட்டது. மலைக்கு மேலே எங்கோ மழை தொடங்கியிருந்தது.

கடவுளே நம் கன்மலை என்று உருகிப் பாடுகிறவன் அல்ல, அவர் அனுப்பிய பிள்ளையின் குரலைக் கேட்டு, தன் பிடியை விட்டு ஏறி வருகிறவனே பிழைப்பான்.