சேர்மன் வீட்டுக்குப் போன நீலம்

செம்பாக்குளம் நகராட்சி சேர்மன் திருமேனிநாதனுக்கு 'முடியாது' என்ற சொல்லே ஆகாது. ஊர் பெருத்துவிட்டது, சித்தேரியைத் தூர்த்து மனை போடலாம் என்று கிளம்பினார். கம்ப்யூட்டரில் வெள்ள வரைபடம் போடும் தற்காலிக ஊழியர் ரெஜினாவோ, தண்ணீர் நிற்கும் இடமென்று ஏரி முழுக்க நீலம் காட்டியிருந்தாள்.

"நாளைக்குக் கூட்டம். அதுக்குள்ள அந்த நீலம் போகணும். இல்லேன்னா நீ போகணும்."

"எடுத்துடறேன் ஐயா."

அவர் கண்ணெதிரிலேயே திரையில் மண்ணைக் கொட்டி ஏரியை மேடாக்கினாள். நீலம் போயே போய்விட்டது. சேர்மன் முகம் மலர்ந்தது. அடுத்து, போன ஐப்பசி மழையை அதன்மேல் பெய்யவிட்டாள். ஏரியில் இடம் கிடைக்காத நீலம் மெள்ள நகர்ந்து, பஜாரைத் தாண்டி, தேரடித் தெருவில் சேர்மன் வீட்டுக்குள்ளேயே புகுந்தது.

"கீழ் ரூம்லதான் அம்மா படுத்திருக்கு. அதால மாடி ஏற முடியாது." அவர் குரல் இறங்கிவிட்டது. "மழையை நிறுத்தும்மா."

ரெஜினா ஒரு பட்டனைத் தட்டினாள். "இங்க நிறுத்திட்டேன் ஐயா. வெளியில நிறுத்துற பட்டன் என்கிட்ட இல்லை."

சேர்மன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏரி ஏரியாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

"அம்மா, சாப்பிட்டியா?" என்ற குரல் ரெஜினாவின் மேஜைவரை வந்தது.