வௌவால் வீட்டுத் தொப்பி

ஆம்பல் குளத்தை ஒட்டிய காட்டில் துடியன் என்றொரு முயல் இருந்தது. அந்தக் காட்டில் வெயில் கொஞ்சநஞ்சமல்ல. அதனால் எல்லா விலங்குகளும் தேக்கிலையையோ பனையோலையையோ மடித்துத் தொப்பி செய்து போட்டுக்கொள்ளும். துடியனிடமும் ஒரு பனையோலைத் தொப்பி இருந்தது. ஆனால் அதைப் போடுவதைவிடக் கழற்றுவதில்தான் அதற்கு ஆசை அதிகம்.

ஒருமுறை துடியன் மலைக்கு அப்பால் சிங்கராஜாவின் குகையில் மூன்று மாதம் வேலை பார்த்தது. அங்கே வாசலில் நுழையும்போதே எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாதவர்களைப் பார்த்துச் சிங்கம் ஓர் உறுமல் உறுமும். அவ்வளவுதான்! தொப்பி தானாகவே கழன்று கீழே விழுந்துவிடும்.

ஊர் திரும்பிய துடியன் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசலில் நிற்கும். எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். பிறகு தொப்பியை மெதுவாகக் கழற்றும். உள்ளே மடங்கியிருந்த இரண்டு நீளக் காதுகளும் டக்கென்று நிமிர்ந்து நிற்கும். அவ்வளவு அழகான காதுகள் அந்தக் காட்டில் வேறு யாருக்கும் இல்லை. அது துடியனுக்கும் தெரியும்.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மற்றவர்களையும் அது விடவில்லை.

"கூரைக்குக் கீழே வந்த பிறகும் தலையில் தொப்பியா? மரியாதை என்றால் என்னவென்றே தெரியாதா உங்களுக்கு?"

முள்ளம்பன்றி பாவம்! முள்ளில் குத்திக்கொண்டு நின்ற தொப்பியைக் கழற்ற முடியாமல் கிழித்தே எடுத்தது. தன் சொந்த வளைக்குள் தொப்பியோடு படுத்திருந்த கீரிக்குக்கூட ஒரு காலைப் பொழுது முழுக்க அறிவுரை கிடைத்தது. "ராஜா வீட்டில் இருந்து வந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று எல்லா விலங்குகளும் தலையாட்டின.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டு வந்தது. குளம் நிறைந்தது. கூடவே கொசுவும் பெருகியது. சாயங்காலமானால் குளக்கரையில் புகை மூட்டம் போட்டதுபோலக் கொசு மொய்த்தது. மான்குட்டிகள் நிற்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் அழுதன. காராயி என்ற எருமையின் கன்றுதான் ரொம்பவும் தவித்தது. உடம்பெல்லாம் தடிப்பு. கண் இமைகூட வீங்கிவிட்டது. நான்கு நாளாக அது ஒழுங்காகப் பால் குடிக்கவில்லை. காராயி கன்றைக் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்திப் பார்த்தது. சேற்றில் புரட்டிப் பார்த்தது. சேறு காய்ந்து உதிர்ந்ததும் கொசு மறுபடியும் வந்து உட்கார்ந்தது.

விலங்குகள் கூடித் தவளைகளைக் கேட்டன.

"நாங்களும் தின்றுகொண்டுதான் இருக்கிறோம்! வயிறு கொள்ள வேண்டாமா?" என்று தவளைகள் மூச்சு வாங்கின.

கடைசியில் கீரி ஒரு யோசனை சொன்னது. "வழுக்குப்பாறைக் குகையில் ஆயிரக்கணக்கான வௌவால்கள் இருக்கின்றன. கொசு என்றால் அவற்றுக்குக் கொள்ளை ஆசை. அதில் பாதி நம் குளக்கரை மருத மரத்துக்குக் குடிவந்தால் போதும்!"

"போய்க் கேட்பது யார்? வௌவால்கள் ரோஷக்காரர்களாயிற்றே!" என்றது முள்ளம்பன்றி.

எல்லார் கண்களும் துடியன் பக்கம் திரும்பின. "மரியாதை தெரிந்தவர் நீங்கள்தான். நீங்களே போய்ப் பேசுங்கள்!"

துடியனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "நான் பேசினால் காரியம் முடிந்த மாதிரிதான்!" என்றது.

"நானும் வருகிறேன், தம்பி" என்றது காராயி. "என் கன்றுக்காக நானும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்."

மறுநாள் காலையில் கன்றை மான்களிடம் விட்டுவிட்டுக் காராயி புறப்பட்டது. துடியன் முன்னால் துள்ளிப் போனது. வெயில் ஏறுவதற்குள் இரண்டும் வழுக்குப்பாறைக்கு வந்து சேர்ந்தன.

குகை வாசலில் தேக்கிலைத் தொப்பிகள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சுண்டெலி அளவுக்குச் சின்னதும் உண்டு, யானை அளவுக்குப் பெரியதும் உண்டு. பக்கத்துச் சுவரில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது. குகைக்கு வாசல் காவல் அதுதான்.

"வாருங்கள், வாருங்கள்! ஆளுக்கொரு தொப்பி எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள்!" என்றது பல்லி.

துடியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உள்ளே போகும்போது தொப்பியைக் கழற்றுவார்கள். நீங்கள் போட்டுக்கொள்ளச் சொல்கிறீர்களே! இது என்ன தலைகீழ்ப் பழக்கம்?"

"எங்கள் வீட்டுக்காரர்களே தலைகீழாகத்தான் இருப்பார்கள். போட்டுக்கொள்ளுங்கள், ஐயா. உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்."

காராயி ஒரு பெரிய தொப்பியைக் கொம்பால் எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டது. துடியன் பதறிப்போனது.

"அக்கா! மானத்தை வாங்காதீர்கள்! கழற்றுங்கள்!"

"வீட்டில் உள்ளவர் சொல்கிறாரே, தம்பி."

"வாசலில் இருக்கிறவருக்கு என்ன தெரியும்? நான் ராஜாவின் குகையில் இருந்தவன்! ஊரையே தொப்பியைக் கழற்ற வைத்தவன்!"

 காராயி தொப்பியைக் கழற்றவில்லை. பல்லி மட்டும் "ச்சு, ச்சு" என்றது.

குகைக்குள் இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. கூரை முழுக்க வௌவால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. துடியன் நேராக நட்டநடுவில் போய் நின்றது. எல்லோரும் பார்க்கும்படி தன் பனையோலைத் தொப்பியைக் கழற்றியது. காதுகள் நிமிர்ந்து நின்றன.

"பெருமதிப்புக்குரிய வௌவால்களே!" என்று ஆரம்பித்தது.

டப்!

வலது காதின் நுனியில் என்னவோ ஈரமாக விழுந்தது. துடியன் தெரியாததுபோல நின்றது.

"எங்கள் ஆம்பல் குளத்தில்..."

டப்! டப்!

ஒன்று மூக்கில், இன்னொன்று நெற்றியில். கூரையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வௌவால்களின் தலைவி மாயி அப்போதுதான் கண் திறந்து பார்த்தது.

"ஐயையோ! வந்தவர் தலையில் தொப்பி இல்லையே! யாரும் அசையாதீர்கள்!" என்று கத்தியது.

அந்தக் கத்தலில் தூங்கிக்கொண்டிருந்த வௌவால்களும் திடுக்கிட்டு எழுந்தன. ஒன்று சிறகடிக்க, அதைப் பார்த்து நூறு சிறகடிக்க, மொத்தக் குகையும் படபடவென்று ஆடியது. மேலிருந்து எச்சம் மழையாகக் கொட்டியது. கண் மூடித் திறப்பதற்குள் வெள்ளை முயல் சாம்பல் முயலாகிவிட்டது.

"சீ!" என்று துடியன் எகிறிக் குதித்தது. "இதெல்லாம் ஒரு வீடா? ராஜாவின் குகையில் இப்படி ஒரு நாளாவது நடந்ததுண்டா?"

சிறகுகள் ஒவ்வொன்றாக மடங்கின. 

"நாங்கள் தொங்கிக்கொண்டு வாழ்கிறவர்கள்" என்றது மாயி. "எங்களுக்குக் கீழே நிற்பவர்மேல் விழத்தான் செய்யும். அதற்காகத்தான் வருகிறவர்களுக்கென்று இலை பறித்துவந்து தொப்பி தைத்து வைத்திருக்கிறோம். உங்களுக்கு அதைத் தொடக்கூட மனம் வரவில்லை."

காராயி ஓரடி முன்னால் வந்தது. கொசுக்கடியைப் பற்றியும், கன்றின் வீங்கிய கண்ணைப் பற்றியும், அது பால் குடிக்காமல் கிடப்பதைப் பற்றியும் சொன்னது. "குளக்கரையில் ஒரு மருத மரம் இருக்கிறது, தாயே. நல்ல பொந்துகள் உண்டு. உங்களில் சிலர் வந்தால் என் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்."

மாயியின் குரல் இறங்கியது. "கேட்கவே பாவமாக இருக்கிறது, அம்மா. கொசு எங்களுக்கும் வேண்டியதுதான். ஆனால் நாங்கள் அங்கே வந்து தொங்கினால், மரத்தடிக்கு வருகிறவர்கள் தொப்பி போட வேண்டும். உங்கள் ஊருக்காகப் பேச வந்தவர் இவர். இவரே இப்படி என்றால் மற்றவர்கள்? நாலே நாளில் எங்களை விரட்டிவிடுவீர்கள். சின்னக் குட்டிகளை வைத்துக்கொண்டு நாங்கள் எங்கே போவோம்? மன்னித்துவிடுங்கள்."

இரண்டும் வெளியே வந்தன. குகைக்குப் பக்கத்தில் ஓர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. துடியன் அதில் இறங்கி, தேய்த்துத் தேய்த்துக் குளித்தது. குளிக்கும்போதே திட்டிக்கொண்டும் இருந்தது.

"என்ன திமிர் பார்த்தீர்களா, அக்கா! நாகரிகம் தெரியாத கூட்டம்!"

 காராயி திட்டியிருந்தால்கூடத் துடியன் பதிலுக்குத் திட்டியிருக்கும். காராயியோ தூரத்தில் தெரிந்த குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

சற்றுக் கழித்து அது கேட்டது. "தம்பி, சிங்கராஜா எதற்காகத் தொப்பியைக் கழற்றச் சொன்னார்?"

துடியன் யோசித்தது. மூன்று மாதம் அங்கே இருந்தும் அது இதைப் பற்றி யோசித்ததே இல்லை.

"அவர் குகை இருட்டு, அக்கா. தொப்பி நிழலில் வருகிறவர் முகம் தெரியாது. முகம் தெரியாவிட்டால் அவருக்கு மனம் நிலைகொள்ளாது. அதனால்தான்."

"அப்படியா? அவர் மனம் நிலைகொள்வதற்காகக் கழற்றினீர்களா?"

"ஆமாம்" என்றது துடியன்.

 "சாயங்காலத்துக்குள் போய்விட வேண்டும். கன்று தேடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காராயி புல்லில் வாய் வைத்தது. வாய் வைத்ததே தவிர, மேயவில்லை.

காதைத் தேய்த்துக்கொண்டிருந்த துடியனின் முன்னங்கால்கள் நின்றன. வாசலில் அடுக்கியிருந்த தொப்பிகள் அதன் நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றையும் நாரால் நெருக்கமாகத் தைத்திருந்தார்கள். வௌவாலுக்கு இருப்பதோ தம்மாத்துண்டு நகம். அதை வைத்துக்கொண்டு யானைக்கும் ஒரு தொப்பி தைத்திருக்கிறார்களே! எத்தனை நாள் ஆகியிருக்கும்?

அதன் முகம் சுருங்கிப்போனது. ஓடையிலிருந்து மேலே ஏறியது.

"அக்கா, கொஞ்சம் இங்கேயே நில்லுங்கள். இதோ வந்துவிடுகிறேன்."

பல்லி கண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, துடியன் தனக்குச் சரியான ஒரு தொப்பியைத் தேடி எடுத்தது. ஈரக் காதுகளை ஒன்றன்பின் ஒன்றாக மடித்து உள்ளே செருகியது. அப்படியே உள்ளே போய் மாயிக்கு நேர் கீழே நின்றது.

"நான் பேசியது தப்பு. சிங்கத்தின் வீட்டு வழக்கத்தை உங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என்மேல் உள்ள கோபத்தைக் கன்றின்மேல் காட்டாதீர்கள். மருத மரத்தடியில் தொப்பி இல்லாமல் யாரும் நிற்காதபடி நான் பார்த்துக்கொள்கிறேன்."

மாயி தலையைச் சாய்த்துப் பார்த்தது. "பல்லி எல்லாம் சொன்னது. ஊரெல்லாம் தொப்பியைக் கழற்றச் சொன்னவர் நீங்கள். இப்போது போடச் சொன்னால் உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா?"

"சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டுப் போட்டுக்கொள்வார்கள்."

டப்! தொப்பியின் உச்சியில் ஒன்று விழுந்தது. துடியன் அசையவில்லை.

"நல்ல தையல்!" என்றது. "ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை!"

கூரை முழுவதும் சிரிப்பு பரவியது. மாயியும் சிரித்துவிட்டது. "சரி, நாளை மறுநாள் வருகிறோம். அதற்குள் மரத்தடியில் தொப்பிகளை அடுக்கி வையுங்கள்!"

குளக்கரைக்குத் திரும்பியதும் துடியன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னது. விலங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. கீரி விழுந்து விழுந்து சிரித்தது. துடியன் பொறுமையாகக் காத்திருந்தது. சிரிப்பு அடங்கியதும் "தேக்கிலை பறிக்க யார் வருகிறீர்கள்?" என்று கேட்டது. கீரிதான் முதலில் எழுந்து வந்தது.

இரண்டு நாளும் துடியன் உட்காரவில்லை. இலைகளைச் சுமந்தது. நார் கிழித்தது. மான்குட்டிகளுக்குத் தானே அளவெடுத்துத் தொப்பி தைத்தது. சொன்னபடியே மூன்றாம் நாள் அந்தி நேரத்தில், வழுக்குப்பாறைப் பக்கமிருந்து வௌவால்கள் கூட்டம் கூட்டமாகப் பறந்துவந்தன. மரத்தடியில் நின்றிருந்த அத்தனை தலைகளிலும் தொப்பி இருந்தது. மாயி ஒரு சுற்றுச் சுற்றி அதைப் பார்த்துவிட்டு, மருத மரத்தின் உயரமான கிளையில் போய்த் தொங்கியது.

நாளுக்கு நாள் கொசு குறைந்தது. ஒரு வாரத்தில் கன்றின் கண் வீக்கம் வற்றியது. அன்று காலை அது தாயின் மடியை முட்டி முட்டி வயிறு நிறையப் பால் குடித்தது. கடைவாயில் நுரை வழிய அங்கேயே படுத்துத் தூங்கியும் போனது. காராயி அதன் முதுகை நக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

போகிற வீட்டாரின் மனம் நோகாமல் நடந்துகொள்வதுதான் மரியாதை; தொப்பியைப் போடுவதா கழற்றுவதா என்பது அந்த வீட்டைப் பொறுத்தது.