ஏழு வருஷம் முன்னதாக

இருபது வருஷத்துக்கு எழுதிக் கொடுத்த வீட்டுக் கடனைப் பதின்மூன்று வருஷத்தில் கட்டி முடித்துவிட்டு, பத்திரமும் கையுமாக ஆவுடையப்பன் தன் குருவைப் பார்க்க வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

குரு என்றதும் தாடியும் கமண்டலமும் நினைக்க வேண்டாம். பாளையங்கோட்டையில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, வாடகை மாடியில் தியான மன்றம் நடத்துகிற சங்கரியம்மாதான் அவருக்குக் குரு. ஆவுடையப்பனைவிடப் பத்து வயது இளையவர். அவர் இவரை அண்ணாச்சி என்பார், இவர் அவரை அம்மா என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் யார் குரு, யார் சீடர் என்று பிடிபடக் கொஞ்ச நேரமாகும்.

அன்றைக்கு மனைவி பிரம்மசக்தியும் கூட வந்திருந்தாள். எப்போதும்போல அவர் முன்னால் படியேறினார், அவள் பின்னால் வந்தாள். பாதியில்தான் அவருக்கு உறைத்தது. இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறவருக்கு என்ன பெரிய சம்பளம் வந்துவிடும்? ஆனாலும் மாதத் தவணைக்கு மேலே அவர் கூடுதலாகக் கட்டினார். போனஸ் வந்தால் நேரே அசலில் போய் விழும். வட்டியில் எவ்வளவு மிச்சம் என்று கேட்காதவர்களுக்கும் சொல்வார். வீட்டில் பால் நின்றது, பேப்பர் நின்றது, மகள் கல்லூரிச் சுற்றுலா போகாமல் நின்றாள். சிமெண்டுப் பூச்சோடு நின்ற சுவர்களுக்குப் பெயிண்ட் அடிப்பதைக் கடன் முடிந்த பிறகுதான் என்று தள்ளிவைத்திருந்தார். வங்கியில் போய்க் கட்டியவர் அவர்தான். கட்டுவதற்குக் காசு மிச்சம் பிடித்துக் கொடுத்தவள் பிரம்மசக்தி.

சில வருஷங்களுக்கு முன்னால் அவள் கண்ணில் அழுத்தம் கூடியிருப்பதாக டாக்டர் சொன்னார். ஆயுசுக்கும் சொட்டு மருந்து விட வேண்டும், ஒரு நாளும் விடாமல், இரண்டு கண்ணிலும். ஒரு பாட்டில் ஒரு மாதத்துக்கு வரும். அதை அவள் மூன்று மாதத்துக்கு வர வைத்தாள். இன்றைக்கு இந்தக் கண், நாளைக்கு அந்தக் கண். பிறகு கண் கூசுகிற நாளில் மட்டும். வலிக்கிற நோயாக இருந்தால் வாய்விட்டுச் சொல்லியிருப்பாள். இது வலிக்காமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வருகிற நோய்.

ஆவுடையப்பனுக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. இதே மன்றத்தில், இதே பாயில் உட்கார்ந்து எல்லாரிடமும் பெருமை அடித்தவர்தான் அவர். "எங்க வீட்டுக்காரி ஒரு பாட்டில் மருந்தை மூணு மாசம் ஓட்டுவா." எல்லாரும் சிரித்தார்கள். சங்கரியம்மாவும் சிரித்தார்.

போன வாரம் பத்திரத்தைத் திரும்ப வாங்க இருவரும் வங்கிக்குப் போனார்கள். கடனில் அவள் பேரும் உண்டு என்பதால் அவளும் கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரி காகிதத்தை நகர்த்தி வைத்தார். பிரம்மசக்தி பேனாவை வாங்கி, நிதானமாக, முழுப் பெயரையும் மேஜைக் கண்ணாடியின்மேல் எழுதினாள். காகிதம் ஒரு சாண் தள்ளி இருந்தது.

அப்படியே அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். இடது கண் முழுக்கப் போய்விட்டது என்றார் டாக்டர். வலது கண்ணில் பழச்சாறு உறிஞ்சுகிற குழாய் வழியாகப் பார்க்கிற அளவுக்குத்தான் மிச்சம். போனது வராது. இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், அதுவும் நிச்சயமில்லை.

ஆவுடையப்பன் பத்திரத்தைச் சங்கரியம்மாவின் முன்னால் வைத்தார். சங்கரியம்மா அதைத் தொடவில்லை.

"நான் செஞ்சது தப்பாம்மா?"

சங்கரியம்மா பிரம்மசக்தி பக்கம் பார்த்தார்.

"நீங்கதானம்மா சொன்னிய, கடனை வச்சிக்கிட்டுக் கண்ணை மூடி உக்கார முடியாதுன்னு."

"சொன்னேன்."

"எனக்கு ஒண்ணு ஆயிட்டா இவ எவன் வாசல்லயும் போய் நிக்கக் கூடாதுன்னுதான் அப்படிக் கட்டுனேன். வேற என்ன ஆசை எனக்கு?"

"தெரியும் அண்ணாச்சி."

"தெரிஞ்சா பதில் சொல்லுங்க. ஒரு வாரமா நான் தூங்கலை."

"சோறு ஆயிட்டு," என்றார் சங்கரியம்மா. "முதல்ல சாப்பிடுவோம்."

அவருக்குக் கோபம் வந்தது. நெஞ்சு வெந்துபோய் வந்தவனிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் எழுந்து போகவும் இடமில்லை. வீட்டுக்குப் போனால் அந்தச் சுவர்களைப் பார்க்க வேண்டும்.

சங்கரியம்மா பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இலை போட்டார்.

"அவுக சாப்பிடட்டும். நான் பொறவு சாப்பிட்டுக்கிடுதேன்," என்றாள் பிரம்மசக்தி.

"இங்க அந்த வழக்கம் இல்லை மதினி. உக்காருங்க."

அவர்கள் வீட்டில் அந்த வழக்கம் உண்டு. அவர் சாப்பிட்டு எழுந்து கை கழுவி, திண்டில் சாய்ந்து கண்ணயர்ந்த பிறகு, அடுப்படியில் அவள் தனியாகச் சாப்பிடுவாள். கொடுமை என்று யாரும் அதைச் சொன்னதில்லை. அவர் அம்மாவும் அப்படித்தான், அவள் அம்மாவும் அப்படித்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவி சாப்பிடுவதை ஆவுடையப்பன் உட்கார்ந்து பார்த்தது கிடையாது.

சோறு, சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குக் கறி. சங்கரியம்மா பந்தியில் வைக்கிற வரிசையில் வைக்காமல், கை போன இடத்தில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். வேண்டுமென்றுதான் செய்தாரோ என்னவோ, கேட்டால் சொல்கிற ஆள் இல்லை அவர்.

பிரம்மசக்தி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். விரல்கள் இலையின் ஓரத்துக்குப் போய், தரையைத் தொட்டு, திரும்பி வந்தன. சோறு அகப்பட்டது. பிசைந்தாள். தொட்டுக்கொள்ளத் தேடியபோது துவையல் கையில் வந்தது. உருளைக்கிழங்கு என்று நினைத்து மொத்தமாக எடுத்து வாயில் போட்டாள். இஞ்சியும் மிளகாயும் சேர்ந்த உருண்டை. கண்ணில் நீர் முட்டியது. ஒரு வார்த்தை சொல்லாமல் விழுங்கினாள்.

பிறகு தண்ணீருக்காக உள்ளங்கையைத் தரையில் படியவைத்து மெல்ல நகர்த்தினாள். தட்டிவிடாதபடி, டம்ளரின் அடியில் விரல் படும்வரைக்கும். அடி தெரிந்ததும் விரலை மேலே ஏற்றி எடுத்துக் குடித்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அந்த நேர்த்தியைப் பார்த்ததும்தான் ஆவுடையப்பன் உடைந்தார். ஒரு வாரத்தில் வருகிற பழக்கமில்லை அது. மாதக்கணக்கில் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவர் வீட்டில், அவர் தூங்குகிற இடத்துக்கு அடுத்த அறையில்.

"ஏளா, எத்தனை நாளா இப்படி?"

"எப்படி?"

"இப்படித் தடவிச் சாப்பிடுதது."

"பழகிட்டு. நீங்க சாப்பிடுங்க."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

ஒளிப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

"சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவிய. அந்த மாசம் மேக்கொண்டு கட்ட முடியாது. கட்டிட்டு வார அன்னைக்கெல்லாம் உங்க முகம் கல்யாண மாப்பிள்ளை கணக்கா இருக்கும். அதைக் கெடுக்க மனசு வரலை."

சோற்றை மறுபடி பிசைந்தாள்.

"கொஞ்ச நாளா அந்த முகமும் தெரியலை. குரலை வச்சுக் கண்டுபிடிச்சுக்கிடுவேன்."

ஆவுடையப்பன் அழுதார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், எச்சில் கையோடு, மூக்கு ஒழுக அழுதார். அவர் கட்டிய வீட்டில் அவருக்காக ஒருத்தி இருட்டுக்குள் இறங்கிப் போயிருக்கிறாள், அவர் மிச்சமான வட்டியைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"வீட்டை வித்துருதேன்மா. மெட்ராசோ, மதுரையோ, எங்க கேட்டாலும் கொண்டு போறேன். அம்புட்டுப் பணத்தையும் அவ கண்ணுல கொட்டுதேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"போனது போனதுதான்னாரு. இருக்கதுக்கு மருந்து போதும்னாரு."

"அப்ப வித்து என்ன செய்ய?"

பிரம்மசக்தி, "வீட்டை எதுக்கு விக்கணும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் விரல்கள் இலையில் எதையோ தேடிப் போய், வெறுமனே திரும்பின.

"இவகிட்ட நான் பட்டிருக்க கடனை எப்படிம்மா அடைப்பேன்?" என்றார் ஆவுடையப்பன். "விரதம் சொல்லுங்க. திருச்செந்தூருக்கு நடக்கச் சொல்லுங்க. இருக்கதெல்லாம் எழுதி வைக்கச் சொல்லுங்க. எதுன்னாலும் செய்யுதேன். எனக்குத் தாங்கலை. சீக்கிரம் செஞ்சு முடிச்சிருதேன்."

சங்கரியம்மாவின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"சீக்கிரம் முடிக்க இதுல வழி கிடையாது அண்ணாச்சி," என்றார். "மதினி இன்னும் உருளைக்கிழங்கைத் தேடிக்கிட்டே இருக்காங்க. எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுங்க."