ஆழ்மனம் சொன்ன சாட்சி

முத்துப்பேச்சிக்கு நெல்லைப் பக்கம் ஒரு கல்லூரியில் உளவியல் துறையைக் கூட்டிப் பெருக்கும் வேலை. துறைத்தலைவர் நீலமேகம், உளப்பகுப்பாய்வைக் கரைத்துக் குடித்தவர் என்று பேர் வாங்கியவர்.

ஒருநாள் தூசி தட்டும்போது, மாணவர்கள் அவருக்குப் பரிசாகக் கொடுத்த அவருடைய களிமண் சிலையை முத்துப்பேச்சி கீழே போட்டு உடைத்துவிட்டாள்.

"கை தவறிட்டு சார்!" என்று பதறினாள்.

"தவறுதலா எதுவுமே நடக்காது. உன் ஆழ்மனசுல எம்மேல வெறுப்பு இருக்கு," என்றார் நீலமேகம்.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல சார்!"

"பாத்தியா, மறுக்கிற. அந்த மறுப்புதான் சாட்சி!"

அவளை வேலையைவிட்டு நீக்கச் சொல்லி எழுதியும் கொடுத்துவிட்டார். புது முதல்வர் ரெஜினா அம்மாள் இருவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார். ஒரு மணி நேரம் ஆழ்மனத்தைப் பற்றி விளக்கிய நீலமேகம், கடைசியில் கும்பிட்டு, "நீங்களே முடிவு சொல்லுங்க, தேவசகாயம் சார்," என்றார்.

தேவசகாயம், போன மாதம் ஓய்வுபெற்ற பழைய முதல்வர்.

ரெஜினா அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். முத்துப்பேச்சி பணிவாகக் கேட்டாள்: "சார், அம்மா இந்த நாற்காலியில உக்காந்தது உங்க ஆழ்மனசுக்குப் பிடிக்கலையோ?"

"சேச்சே! வாய் தவறி வந்துட்டு!"

"மறுக்கிறீங்களே சார்."

ரெஜினா அம்மாளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வாய் தவறும்னா கையும் தவறும்தானே சார்? அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

நீலமேகம் வியர்க்க வியர்க்க எழுதினார். அந்தத் தாளை ஆபீசில் சேர்க்கும் வேலை முத்துப்பேச்சிக்கு வந்தது. வராந்தாவில் எல்லோரும் பார்க்கும்படி, அவசரமே படாமல் நடந்து போனாள்.